உண்ணி மருந்தும் முகுளமும்: கோத்தகிரியில் ஒரு ஜனவரி இரவு

மருத்துவராக நான் பார்த்த ஒரு நோயாளியைப் பற்றி, அவர் குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், மருத்துவ விவரங்கள் நடந்தபடியேதான்.

ஜனவரி மாதம், இரவு 11.40. வெளியே புல் மேல் உறைபனி இறங்கிக்கொண்டிருந்தது. கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து 62 வயதுப் பெரியவரை ஜீப்பில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தார்கள். கொஞ்சம் தேயிலை, கொஞ்சம் கேரட், இரண்டு மாடு என்று வாழ்கிறவர். ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் 5 மி.கி. தினமும் ஒன்று, அது தவிர வேறு வியாதி கிடையாது. சாயங்காலம் மாட்டுக்குத் தீவனம் வைத்து, இரவு சாப்பிட்டு, ஒன்பது மணிவரை பேசிக்கொண்டிருந்திருக்கிறார். பத்து மணிக்கு ஒரேயடியாகத் தூக்கம் வருகிறது என்று படுத்தவர், பத்தரைக்கு இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறார். அதற்கப்புறம் எழுப்பினால் கண் திறக்கவில்லை.

பார்த்ததும் நான் குறித்துக்கொண்டவை இவை. நினைவை அளக்கும் கிளாஸ்கோ அளவு 7 (முழு நினைவு என்றால் 15). நாடி நிமிடத்துக்கு 42. ரத்த அழுத்தம் 84/50. மூச்சு நிமிடத்துக்கு 10, அதுவும் ஆழமில்லாமல். ஆக்சிஜன் அளவு 89 சதவீதம். இந்த உயரத்தில், அதாவது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டரில், நல்ல ஆளுக்கே 95 பக்கம்தான் காட்டும், ஆனாலும் 89 குறைவுதான். உடல் வெப்பம் 34.8 டிகிரி. இரண்டு கண்மணியும் குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தன. வாயிலிருந்து பெயிண்ட் தின்னர் மாதிரி ஒரு வாடை.

சுருங்கிய கண்மணி, மெதுவான இதயம், மயக்கம், வாந்தி, ரசாயன வாடை. காய்கறித் தோட்டம் உள்ள வீடு. தமிழ்நாட்டில் எந்த அவசரப் பிரிவில் இருந்தாலும் அடுத்த வார்த்தை ஒன்றுதான்: பூச்சிமருந்து, அதாவது ஆர்கனோபாஸ்பரஸ். நானும் அதைத்தான் சொன்னேன். ஆக்சிஜன் வைத்து, ஊசிவழி போட்டு, அட்ரோபின் மூன்று ஆம்பூல், மொத்தம் 1.8 மி.கி. கொடுத்தோம். நாடி 42லிருந்து 92க்கு ஏறியது. அழுத்தம் 100ஐத் தொட்டது. வழி சரியாகத்தான் போகிறது என்று நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் அளவை இரட்டிப்பாக்க வேண்டும், அடுத்து ஆர்கனோபாஸ்பரஸின் இன்னொரு எதிர்மருந்தான பிராலிடாக்சிம், அப்புறம் அட்ரோபின் தொடர் சொட்டு. எல்லாம் எழுதிக்கூட வைத்துவிட்டேன்.

அந்த நேரத்தில் சிஸ்டர் விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை அளவைச் சொன்னார்: 268. சர்க்கரை வியாதி இல்லாத ஆள். சரி, பூச்சிமருந்திலும் சர்க்கரை ஏறும், அது புதிதல்ல என்று சொல்லிக்கொண்டே நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். சுத்தமான மூச்சுச் சத்தம். ஒரு கொரகொரப்புகூட இல்லை. இதை அட்ரோபின் போடுவதற்கு முன்பே நின்று நிதானமாகக் கேட்டிருக்க வேண்டும். முதல் பரிசோதனையில் அவசரமாகக் கேட்டு "இருபுறமும் மூச்சு உண்டு" என்று மட்டும் எழுதியிருந்தேன், அது என் தவறு. சிஸ்டரிடம் கேட்டேன்: வந்தபோது வாயில் எச்சில் வழிந்ததா, உடம்பு வியர்த்திருந்ததா? இல்லை என்றார். நாக்கு வந்தபோதே காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்ததாம். வயிற்றில் குடல் சத்தம் ஏறக்குறைய இல்லை. தசைத் துடிப்பும் இல்லை.

ஆர்கனோபாஸ்பரஸ் என்றால் உடம்பு ஒழுகும். எச்சில், கண்ணீர், வியர்வை, சளி, பேதி, எல்லாம் சேர்ந்து. நெஞ்சு நிறைய நீர் கோத்துக்கொள்ளும், அதைக் காய வைப்பதுதான் அட்ரோபினின் முதல் வேலை. அந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்று நாம் முடிவெடுப்பதே முக்கியமாக நெஞ்சு காய்ந்துவிட்டதா என்று கேட்டுத்தான். ஏற்கெனவே காய்ந்த நெஞ்சுக்கு எந்த அளவு கொடுத்தால் போதும்? இலக்கே இல்லாத மருந்து அது. இரட்டிப்பாக்கிக்கொண்டே போயிருந்தால் காய்ச்சல், பிதற்றல், குடல் செயலற்றுப் போவது என்று நாமே ஒரு புது விஷத்தை உண்டாக்கியிருப்போம்.

அட்ரோபினை நிறுத்தினேன். முதலிலிருந்து யோசித்தேன்.

அழுத்தமும் துடிப்பும் சேர்ந்து இறங்கினால்

ரத்தம் போனாலோ, பேதியில் நீர் வற்றினாலோ, கிருமி ரத்தத்தில் பரவினாலோ அழுத்தம் இறங்கும், ஆனால் நாடி ஓடும். 120, 130 என்று பறக்கும். உடம்பு பற்றாக்குறையை உணர்ந்து இதயத்தை விரட்டுகிறது என்று அர்த்தம். அழுத்தம் 84க்கு இறங்கியும் நாடி 42லேயே நிற்கிறது என்றால், விரட்ட வேண்டிய இடம் விரட்டவில்லை, அல்லது விரட்டியும் இதயத்துக்குக் கேட்கவில்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் காரணங்களின் பட்டியல் சட்டென்று சின்னதாகிவிடும்.

மஞ்சள் அரளி விதை தமிழ்நாட்டில் மறக்கவே கூடாத ஒன்று. ஆனால் அதில் ஈசிஜியில் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே தடை தெரியும், நினைவும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். இவருடைய ஈசிஜியில் வெறும் மெதுவான துடிப்புதான், தடை எதுவும் இல்லை. பீட்டா தடுப்பு மாத்திரை என்றால் கண்மணி சுருங்காது, சர்க்கரையும் இப்படி ஏறாது. வெராபமில், டில்டியாசெம் வகை மாத்திரைகளில் மெதுவான நாடி, குறைந்த அழுத்தம், ஏறிய சர்க்கரை மூன்றும் சேர்ந்து வரும், ஆனால் ஆள் கடைசிவரை பேசிக்கொண்டிருப்பார், கண்மணியும் சாதாரணமாக இருக்கும். இவர் சாப்பிடுகிற ஆம்லோடிபினில் இதயம் வழக்கமாக வேகமெடுக்கும், தவிர அட்டையில் மாத்திரை எண்ணிக்கையும் சரியாக இருந்தது. மூளைத்தண்டின் நடுப்பகுதியில் ரத்தக்கசிவு வந்தால் கண்மணி ஊசிமுனையாகும், ஆனால் பெரும்பாலும் அழுத்தம் எகிறி நிற்கும். ஓபியம் வகை மருந்து எதுவும் வீட்டில் இல்லை. ஓபியத்தை முறிக்கும் நலாக்சோன் ஒரு ஊசி போட்டுப் பார்த்தோம், அசைவில்லை. குளிரில் உடம்பு விறைத்தாலும் நாடி குறையும், ஆனால் 34.8 டிகிரியில் இவ்வளவு ஆழ்ந்த மயக்கம் வராது. கம்பளிக்குள் படுத்திருந்த மனிதர் வேறு.

மிச்சம் இருந்தது ஒரு வகைதான். மூளைத்தண்டில் ஆல்பா-2 ஏற்பியை, அதாவது நரம்பணுவின் மேல் பொத்தான் மாதிரி இருக்கும் ஒன்றை, அழுத்தித் தூண்டுகிற மருந்து. குளோனிடின் என்ற ரத்த அழுத்த மருந்து, அல்லது அதன் உறவுக்காரன்.

அவருடைய மனைவியிடம் கேட்டேன். "அம்மா, ராத்திரி கடைசியா என்ன சாப்பிட்டாரு? மருந்து, டானிக், எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"வழக்கமான சாப்பாடுதான் டாக்டர். இருமல் இருந்துச்சுன்னு படுக்கறதுக்கு முன்னாடி டானிக் ரெண்டு வாய் குடிச்சாரு. கசக்குதுன்னாரு, அவ்வளவுதான்."

"எந்த டானிக்?"

மகனுக்கு முகம் மாறியது. "மாடத்துல இருந்த பாட்டிலாம்மா? அது மாட்டு மருந்து" என்று சொல்லிவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடினார். முக்கால் மணி நேரத்தில் இரண்டு பாட்டிலோடு திரும்பி வந்தார். ஒன்று இருமல் டானிக் பாட்டில், உள்ளே மஞ்சள் நிற எண்ணெய் மாதிரி திரவம். இன்னொன்று அது வந்த அசல் பாட்டில்: அமிட்ராஸ், 12.5 சதவீதம், கால்நடைகளுக்கு வெளிப்பூச்சு மட்டும். போன மாதம் மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து வாங்கி வந்த ஜெர்சி கலப்பின மாட்டுக்கு உடம்பெல்லாம் உண்ணி. பக்கத்து வீட்டுக்காரர் தன்னிடமிருந்த உண்ணி மருந்தில் கொஞ்சத்தை ஒரு காலி டானிக் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். கரண்ட் போயிருந்த இரவு, மாடத்தில் கை விட்டால் கிடைத்த பாட்டில் அது.

இரண்டு வாய் என்பதை 20 மி.லி. என்று வைத்துக்கொண்டால், ஒரு மி.லி.யில் 125 மி.கி. வீதம் 2.5 கிராம் அமிட்ராஸ்.

அந்த ஏற்பி என்ன செய்கிறது

கொஞ்சம் நின்று இதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது புரிந்தால் அந்தப் பெரியவர் உடம்பில் தெரிந்த ஒவ்வொரு அறிகுறியும் தானாகவே வரிசையில் வந்து நிற்கும்.

ரத்த அழுத்தத்துக்கான கட்டளை எங்கிருந்து வருகிறது என்பதை 1870களிலேயே ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் லூட்விக்கின் ஆய்வகத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். விலங்குகளின் மூளையை மேலிருந்து படிப்படியாக வெட்டிக்கொண்டே வந்தார்கள். பெருமூளை போனாலும் அழுத்தம் நின்றது. வெட்டு முகுளத்தை எட்டியதும்தான் சரிந்தது. முகுளம் என்பது மூளைத்தண்டின் அடிப்பகுதி, பிடரிக்கு நேர் உள்ளே, கட்டைவிரல் பருமன்கூட இல்லாத இடம். பிறகு 1974ல் பூனைகளின் முகுளத்தின் அடிப்பக்க மேற்பரப்பில் ஒரு சின்னப் புள்ளியில் நரம்பை அமர்த்தும் கிளைசின் என்ற பொருளைத் தடவிப் பார்த்தார்கள், அழுத்தம் தண்டுவடத்தையே வெட்டிவிட்டது மாதிரி கீழே போனது. அந்தப் புள்ளிக்குள் இருக்கும் நரம்புக் கூட்டத்தை இன்று ஆர்.வி.எல்.எம். என்று சுருக்கிச் சொல்கிறோம். அங்கிருந்து நரம்பு இழைகள் தண்டுவடத்தில் இறங்கி, பரிவு நரம்புகள் வழியாக ரத்தக் குழாய்களை இறுக்கியும் இதயத்தை வேகப்படுத்தியும் வைத்திருக்கின்றன. நாம் தூங்கும்போதும் இது ஓயாமல் கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

அதைக் கட்டுப்படுத்த ஒரு கண்காணிப்பு உண்டு. கழுத்துத் தமனி பிரியும் இடத்திலும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்த உணரிகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறிக் குழாய்ச் சுவர் விரிந்தால் அவை ஒன்பதாவது, பத்தாவது மூளை நரம்புகள் வழியாக முகுளத்தின் பின்பக்கத்தில் உள்ள என்.டி.எஸ். என்ற கூட்டத்துக்குச் சேதி சொல்லும். என்.டி.எஸ். இரண்டு காரியம் செய்கிறது. ஒன்று, நடுவில் உள்ள இன்னொரு கூட்டத்தைத் தூண்டி, அது காபா என்ற பொருளைச் சுரந்து ஆர்.வி.எல்.எம்.மின் வாயை அடைக்கிறது. இன்னொன்று, பத்தாவது மூளை நரம்பான வேகஸைத் தூண்டி இதயத்தைப் பிடித்து மெதுவாக்குகிறது. மலைப்பாதையில் வண்டி இறக்குகிறவர்கள் செய்வது மாதிரி, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு பிரேக்கையும் தொடுகிற வேலை. இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும், நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது 70 துடிக்கிறது என்றால் அந்த வித்தியாசம் வேகஸின் பிடி.

இந்தக் கூட்டங்கள் எல்லாவற்றிலும் ஆல்பா-2 ஏற்பிகள் இருக்கின்றன. பரிவு நரம்புகளின் சேதியைக் கொண்டுபோகும் ரசாயனமான நார்அட்ரினலினைச் சுரக்கிற நரம்பு, தான் சுரந்தது போதும் என்று தானே தெரிந்துகொள்வதற்காக வைத்திருக்கிற கடிவாளம் அது. ஏற்பியை எதுவாவது அழுத்தினால் நரம்பணுவுக்குள் பொட்டாசியம் வாய்க்கால் திறக்கிறது, கால்சியம் வாய்க்கால் மூடுகிறது, அணுவுக்குள் சேதி கடத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி. குறைகிறது, அணு வாயடைத்துப் போகிறது. ஆர்.வி.எல்.எம். ஓய்ந்தால் குழாய்கள் தளரும், அழுத்தம் இறங்கும். என்.டி.எஸ். பக்கத்தில் வேகஸின் பிடி இறுகும், நாடி குறையும். அழுத்தம் இறங்கியதே என்று உணரிகள் கத்தினாலும் அந்தக் கூக்குரலைக் கேட்டு எழ வேண்டிய இடம்தான் உறங்கிக்கிடக்கிறதே. அழுத்தமும் துடிப்பும் கைகோர்த்து இறங்குவது இதனால்தான்.

ஆல்பா-2வில் ஏ, பி, சி என்று மூன்று வகை. மூளைத்தண்டில் அழுத்தத்தை இறக்குவது ஏ வகைதான் என்பது 1996ல் உறுதியானது: அந்த ஒரு ஏற்பியில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிய எலிகளுக்கு இந்த வகை மருந்துகளைக் கொடுத்தபோது அழுத்தம் இறங்கவே இல்லை. பி வகை ரத்தக் குழாய்ச் சுவரிலேயே உட்கார்ந்திருக்கிறது, அதை அழுத்தினால் குழாய் சுருங்கும். குளோனிடினை வேகமாக ரத்தநாளத்தில் செலுத்தினால் முதல் சில நிமிடம் அழுத்தம் ஏறி, பிறகு மூளைக்குள் போய்ச் சேர்ந்ததும் இறங்குவதற்குக் காரணம் அதுதான். இமிடசோலின் ஏற்பி என்று இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிற ஆய்வாளர்கள் உண்டு, மாக்சோனிடின் போன்ற மாத்திரைகள் அதை நம்பித்தான் வந்தன. குளோனிடின் இரண்டையும் தொடும். எதற்கு எவ்வளவு பங்கு என்கிற வாதம் இன்னும் ஓயவில்லை, படுக்கை ஓரத்தில் நிற்கிறவருக்கு அதனால் பெரிய வித்தியாசமும் இல்லை.

குளோனிடின் பிறந்த கதை இந்த நிகழ்வோடு ஒட்டிப்போகிறது. 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனத்தில் மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்தாகத்தான் அதைச் செய்தார்கள். சளி பிடித்திருந்த ஒரு அலுவலகப் பெண்மணிக்கு மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். அவர் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கத் தூங்கிவிட்டார், அழுத்தமும் நாடியும் இறங்கிக் கிடந்தன. 1966ல் அது ரத்த அழுத்த மருந்தாக விற்பனைக்கு வந்தது. இருமலுக்கு என்று நினைத்து எங்கள் பெரியவர் குடித்ததும், சளிக்கு என்று அந்த அம்மா மூக்கில் விட்டுக்கொண்டதும் முகுளத்தில் போய்த் தட்டியது ஒரே கதவைத்தான்.

அமிட்ராஸ்

உண்ணியின் உடம்பில் நார்அட்ரினலின் இடத்தில் ஆக்டோபமின் என்ற பொருள் வேலை செய்கிறது. அமிட்ராஸ் அந்த ஆக்டோபமின் ஏற்பியை விடாமல் அழுத்தி உண்ணியைத் தடுமாற வைக்கிறது, பிடி தளர்ந்து மாட்டின் தோலிலிருந்து விழுந்துவிடுகிறது. நம் உடம்பில் ஆக்டோபமின் ஏற்பிக்கு நெருங்கிய சாயல் கொண்டது ஆல்பா-2. தண்ணீரில் கலந்து மாட்டின் தோலில் பூசும்போது உள்ளே போவது கொஞ்சம்தான். வாய் வழியாக, தண்ணீர் கலக்காமல் போனால் முழு அளவும் உள்ளே.

இப்போது அவருடைய அறிகுறிகளை இதோடு பொருத்திப் பார்க்கலாம். மயக்கம்: விழிப்பைக் காக்கும் லோகஸ் செருலியஸ் என்ற நீலப்புள்ளி மூளைத்தண்டில்தான் இருக்கிறது, ஆல்பா-2 ஏற்பி அங்கே மண்டிக்கிடக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நாங்கள் நோயாளியை அமைதியாக உறங்கவைக்கக் கொடுக்கும் டெக்ஸ்மெடிடோமிடின் வேலை செய்வதும் அதே இடத்தில்தான். கண்மணி சுருங்கியது, அதை விரிக்கும் பரிவுக் கட்டளை ஓய்ந்து, சுருக்கும் நரம்பு தடையில்லாமல் வேலை செய்ததால். சர்க்கரை 268, கணையத்தின் பீட்டா அணுக்களிலும் ஆல்பா-2 இருப்பதால். இன்சுலின் சுரப்பு குறைந்துவிடும். வாய் காய்ந்ததும் குடல் அடங்கியதும், எச்சிலையும் குடலையும் இயக்கும் அசிட்டைல்கோலின் நரம்பு நுனிகளில் சுரப்பதை இதே ஏற்பி குறைப்பதால். ஆர்கனோபாஸ்பரஸில் அசிட்டைல்கோலின் பெருகுகிறது, இதில் குறைகிறது. நேர் எதிர்! ஆனால் வாசலில் பார்க்கும்போது கண்மணியும் நாடியும் ஒரே முகத்தைக் காட்டுகின்றன. அந்த இரண்டை மட்டும் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன்.

வாடையையும் நம்பக்கூடாது என்று இங்கே சொல்லிவிடுகிறேன். தின்னர் வாடை சைலீன் என்ற கரைப்பானுடையது. அமிட்ராஸ் பாட்டிலிலும் அது இருக்கும், பல ஆர்கனோபாஸ்பரஸ் பாட்டில்களிலும் இருக்கும்.

ஊரில் ஒரு கால்நடை மருத்துவரிடம் மறுநாள் பேசியபோது, இதெல்லாம் தங்களுக்குத் தினசரிப் பாடம் என்றார். மாட்டை அமர்த்த அவர்கள் போடும் சைலசின் ஒரு ஆல்பா-2 மருந்து, குதிரைக்குப் போடுவதில் பத்தில் ஒரு பங்கு போட்டாலே மாடு சாய்ந்துவிடும். முதுமலைப் பக்கம் ஊருக்குள் வரும் யானையை மயக்க ஊசி போட்டுப் பிடிக்கும்போது பயன்படுகிற கலவையிலும் சைலசின் உண்டு, எழுப்புவதற்கு யோகிம்பின் என்ற எதிர்மருந்து. உண்ணி மருந்தில் குளித்துத் துவண்டுபோன நாய்க்கு யோகிம்பினோ அடிபமிசோலோ போட்டால் எழுந்து நிற்கும். மனிதருக்கு அமிட்ராஸ் விஷத்துக்கென்று ஏற்கப்பட்ட எதிர்மருந்து இல்லை. டெல்லி எய்ம்ஸின் தேசிய விஷத் தகவல் மையத்திடம் அன்றிரவே கேட்டோம், ஆதரவு சிகிச்சைதான், காத்திருங்கள் என்றார்கள்.

என்ன செய்தோம்

வயிற்றைக் கழுவவில்லை. குடித்து இரண்டரை மணி நேரம் கடந்திருந்தது, அதைவிட, சைலீன் கலந்த திரவம் மேலே வந்து ஒரு துளி நுரையீரலுக்குள் போனால் மருந்தைவிட அது கொன்றுவிடும். நினைவில்லாத ஆளுக்கு, விஷத்தை உறிஞ்சும் மருத்துவக் கரியும் கொடுக்கவில்லை. கிளாஸ்கோ அளவு 7, வாந்தி எடுத்திருக்கிறார், மூச்சு 10. இரவில், உறைபனியில், கொண்டை ஊசி வளைவுகளில் இந்த நிலையில் கீழே அனுப்ப மனம் வரவில்லை. மூச்சுக்குழாயில் குழாய் வைத்து எங்களிடமிருந்த ஒரே வென்டிலேட்டரில் இணைத்தோம்.

அட்ரோபினில் 100ஐத் தொட்ட அழுத்தம் மறுபடி இறங்கியிருந்தது, உப்புநீர் ஒன்றரை லிட்டர் போயும் 88க்கு மேல் ஏறவில்லை. இந்த இடத்தில் மேலே சொன்ன பாடம் கைகொடுத்தது. ரத்தக் குழாய்கள் கெடவில்லை, அவற்றுக்கு வரவேண்டிய கட்டளைதான் நின்றிருக்கிறது. கட்டளை கடைசியில் குழாய்ச் சுவரில் கொண்டுவந்து சேர்ப்பது நார்அட்ரினலினைத்தானே, அதை நாமே கொடுத்தால் போதும். மிகச் சின்ன அளவில் நார்அட்ரினலின் சொட்டு ஆரம்பித்தோம், இருபது நிமிடத்தில் 112/70. நிறைய நீரை ஊற்றிக்கொண்டே போயிருந்தால் நுரையீரல்தான் நனைந்திருக்கும்.

அதிகாலை 3 மணிக்கு நாடி மறுபடி 44. முதல் அட்ரோபினின் வேலை தீர்ந்திருந்தது. இந்த முறை ஒரே ஒரு ஆம்பூல், 0.6 மி.கி., வேகஸின் பிடியைத் தளர்த்த மட்டும். நாடி 70க்கு வந்தது, அதற்கப்புறம் தேவைப்படவில்லை. அட்ரோபின் இந்த விஷத்துக்கு வேண்டாத மருந்து அல்ல, அளவும் நோக்கமும்தான் வேறு. முதலில் நாடி ஏறியதைப் பார்த்து என் கணிப்பு சரி என்று நான் நினைத்தேனே, அது தப்பான முடிவு. வேகஸால் குறைந்த நாடி எந்தக் காரணத்தால் குறைந்திருந்தாலும் அட்ரோபினுக்கு ஏறத்தான் செய்யும்.

சர்க்கரைக்கு இன்சுலின் கொடுக்கவில்லை. இரண்டு மணிக்கொரு முறை பார்த்தோம்: 268, 251, 204, 160. மறுநாள் இரவு 118. பிறகு எடுத்த எச்.பி.ஏ.1.சி., அதாவது சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை, 5.6, ஆக உண்மையிலேயே சர்க்கரை வியாதி இல்லை. முதல் 12 மணி நேரத்தில் 2.8 லிட்டர் சிறுநீர் போனது. சிறுநீரைக் குறுக்கும் ஹார்மோனையும் ஆல்பா-2 அடக்குகிறது, அதனால் அழுத்தம் குறைந்த ஆளுக்கு இவ்வளவு சிறுநீரா என்று குழம்ப வேண்டாம், போனதைக் கணக்கிட்டு ஈடு செய்தால் போதும். கம்பளியும் சூடாக்கிய திரவமுமாக வெப்பத்தைக் காலைக்குள் 36.4க்குக் கொண்டுவந்தோம்.

காலை 7 மணிக்கு நார்அட்ரினலினை நிறுத்தினோம். 11 மணி வாக்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறந்தார். மதியம் 2 மணிக்குக் குழாயை எடுத்தோம். முதலில் கேட்டது தண்ணீர், இரண்டாவது கேட்டது பால் கறந்தாச்சா என்று. கோயம்புத்தூருக்கு அனுப்பியிருந்த, ஆர்கனோபாஸ்பரஸ் என்றால் குறைந்திருக்கும் கோலினெஸ்டெரேஸ் நொதியின் பரிசோதனை இரண்டு நாள் கழித்து வந்தது, இயல்பான அளவு.

குடும்பத்தை வெளியே அனுப்பிவிட்டு அவரிடம் தனியாகவும் பேசினேன். தெரிந்து குடித்தீர்களா அய்யா, மனசுல ஏதாவது பாரம் இருக்கா என்று நேரடியாகவே கேட்டேன். விஷம் என்று வருகிற ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்டே ஆக வேண்டும், தற்செயல் என்று வீட்டார் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் சரி. "இல்லம்மா, இருட்டுல பாட்டில் மாறிப்போச்சு, நெசமா அவ்வளவுதான்" என்றார். அரை மணி நேரம் பேசினோம், எனக்கும் நம்பிக்கை வந்தது.

இதே கதவைத் தட்டும் மற்றவை

அமிட்ராஸ் அரிது என்று விட்டுவிடலாம், ஆனால் இதே ஏற்பியைத் தொடுகிற பொருட்கள் நம் வீடுகளில் நிறைய இருக்கின்றன. மலையில் குளிருக்கு வீட்டுக்கு வீடு இருக்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்து, சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின், குளோனிடினின் குடும்பம்தான். மூக்கில் இரண்டு சொட்டு என்பது சரி. இரண்டு வயதுக் குழந்தை பாட்டிலைச் சப்பிவிட்டால் மெதுவான நாடியோடும் திணறும் மூச்சோடும் மயங்கி வரும். கண் நீர் அழுத்தத்துக்குத் தாத்தா விட்டுக்கொள்ளும் பிரிமோனிடின் சொட்டும் அப்படியே, இரண்டு வயதுக்குக் கீழே அதைத் தொடவே கூடாது. முதுகுப் பிடிப்புக்கு எழுதும் டிசானிடின் மாத்திரையும் ஆல்பா-2தான்; ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் அதையும் சேர்த்துப் போட்டுவிட்டு எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுந்தால் அது வயசுக் கோளாறு இல்லை.

அப்புறம் குளோனிடினையே ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள். சிறுநீரக நோயாளிகளில் பலர் நம் ஊரில் அர்காமின் என்ற பெயரில் விற்கும் குளோனிடினைச் சாப்பிடுகிறார்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டு, நாலு நாள் மாத்திரை கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இத்தனை நாள் அமுங்கிக்கிடந்த முகுளம் ஒன்று, ஒன்றரை நாளில் விடுபட்டு, நார்அட்ரினலினை அள்ளி வீசும். தலைவலி, வியர்வை, நடுக்கம், 220ஐத் தாண்டும் அழுத்தம். கூடவே பீட்டா தடுப்பு மாத்திரையும் சாப்பிடுகிறவராக இருந்தால் இன்னும் மோசம், ரத்தக் குழாயை விரிக்கும் வழி அடைபட்டு, சுருக்கும் வழி மட்டும் திறந்திருக்கும். முதல் சிகிச்சை விட்ட குளோனிடினை மறுபடி கொடுப்பதுதான். இந்த மாத்திரையை நான் எழுதிக்கொடுக்கிற ஒவ்வொரு நோயாளியிடமும் ஒரு வாரத்துக்கான இருப்பைத் தனியாக வீட்டில் வைக்கச் சொல்கிறேன், நிறுத்துவதானால் படிப்படியாகத்தான் என்றும்.

பெரியவர் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார். போகும்போது ஆம்லோடிபினை நிறுத்தி வைத்திருந்தோம், இரண்டு வாரம் கழித்து வந்தபோது அழுத்தம் 152/90, நாடி 74. மாத்திரையை மறுபடி ஆரம்பித்தேன். மகன் போனில் ஒரு படம் காட்டினார். உண்ணி மருந்து அதன் அசல் பாட்டிலிலேயே, மாட்டுக் கொட்டகையின் சுவரில் ஆணியடித்த ஒரு தகரப் பெட்டிக்குள், பூட்டோடு.